இஸ்தான்புல்லில் தெருச் சாப்பாடும் மெய்ஹானேயும்: கைடோடு போவதா, நாமே போவதா?

இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போட்டவர்களுக்குச் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. தெருச் சாப்பாட்டையும் மெய்ஹானேக்களையும் ஒரே மாலையில் நடந்தே காட்டுகிறோம் என்று பல நிறுவனங்கள் டூர் விற்கின்றன. ஆளுக்கு நூறு டாலரை ஒட்டி வரும். இரண்டு பேர் என்றால் சுமாரான ஹோட்டலில் ஓரிரு இரவு தங்கும் பணம். கட்டலாமா, வேண்டாமா?

மெய்ஹானே என்பது துருக்கியின் பழைய பாணி மதுக்கூடம். ரக்கி என்ற சோம்பு மணமுள்ள மதுவும், சின்னத் தட்டுகளில் வரும் மெஸேக்களும், முடிவில்லாத பேச்சும் அங்கே உண்டு. தெருவோரத்தில் நின்றபடி சாப்பிடும் கோகோரெச், மித்யே தோல்மா, சிமித் எல்லாம் வேறு உலகம். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி விற்பதில்தான் எனக்குச் சிக்கல் தெரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருச் சாப்பாட்டுக்குக் கைடு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பகலில். மெய்ஹானேக்கு இன்னொரு இரவில் நீங்களே போய் உட்காருங்கள். இது எல்லாருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஒரே மாலையில் இரண்டும்

இந்த டூர்கள் பெரும்பாலும் மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கராக்கோய் என்ற கரையோரப் பகுதியிலோ தக்சிம் சதுக்கத்திலோ ஆரம்பிக்கும். நான்கு மணி நேரம் போல நடை, வழியில் எட்டுப் பத்து நிறுத்தம், கடைசியில் ஒரு மெய்ஹானே. கலாத்தா பாலத்தருகே மீன் ரொட்டி, பிறகு மேட்டு ஏற்றம். கராக்கோயிலிருந்து மேட்டிலுள்ள பெயோலு பகுதிக்குப் போகும் தெருக்கள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் 1875இலிருந்து ஓடும் துனெல் என்ற சுரங்க ரயிலில் ஏறிக்கொள்ளலாம். கைடு கூட்டமாக நடத்திக்கொண்டு போனால் அதற்கு வாய்ப்பு கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மேலே போனால் இஸ்திக்லால் தெரு, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம், வண்டி கிடையாது, நடுவில் பழைய டிராம் மட்டும். அதன் பக்கச் சந்துகளில்தான் மீன் சந்தையும், நெவிஸாதே தெருவின் மெய்ஹானே வரிசையும் இருக்கின்றன.

கைடு இல்லாமல் பலரும் தாண்டிப் போய்விடுகிற கடைகள் இந்தச் சந்துகளில்தான். கோகோரெச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டின் உள்ளுறுப்புகளைக் கம்பியில் கோத்து, அதன்மேல் சுத்தம் செய்த குடலை இழை இழையாகச் சுற்றிக் கரி நெருப்பில் உருட்டி உருட்டி வாட்டுவார்கள். கேட்டதும் ஒரு துண்டு அறுத்துப் பலகையில் போட்டு, தக்காளி, மிளகாயோடு கத்தியால் தடதடவென்று கொத்தி, ஓரிகானோவும் சீரகமும் மிளகாய்த் தூளும் தூவி ரொட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். கால் ரொட்டி, அரை ரொட்டி என்று அளவு சொல்லிக் கேட்க வேண்டும். குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கடையைப் பார்த்ததும் இதுதான் என்று தெரியாமல் நடந்துவிடுவோம். அங்கே கைடு ஒருவர் நிறுத்திக் கால் ரொட்டியை நாலு துண்டாக வெட்டச் சொல்லி ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தால் அது காசுக்குப் பெறும்.

மித்யே தோல்மாவும் அப்படித்தான். கடற்சிப்பிக்குள் அரிசி, வெங்காயம், மிளகு, பைன் பருப்பு, சின்னக் கருந்திராட்சை எல்லாம் அடைத்து வேகவைத்து ஆறவைத்தது. விற்பவர் ஓட்டை விரலால் திறந்து எலுமிச்சை பிழிந்து நீட்டுவார். மேல் ஓட்டையே கரண்டியாக வைத்து வாயில் தள்ள வேண்டும். அதை முடிப்பதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். நீங்கள் போதும் என்று சொல்லும்வரை அவர் நிறுத்த மாட்டார். முடிவில் காலி ஓடுகளை எண்ணிக் காசு. இஸ்தான்புல்லில் இதை விற்பவர்களில் பெரும்பாலோர் கடலே இல்லாத தென்கிழக்கு ஊரான மார்தினிலிருந்து வந்தவர்கள். வேலை தேடி வந்து ஒருவர் பின் ஒருவராக இந்தத் தொழிலைக் கைக்கொண்டார்கள். தெருவில் தட்டோடு நிற்பவரிடம் கோடைப் பகலில் வாங்குவதா, கூட்டம் குறையாத கடையில் வாங்குவதா என்பது வயிற்றைப் பொறுத்த முடிவு. ஊர் தெரிந்த கைடு இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றுவார்.

சரி, தெருப் பகுதி வரை குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. மெய்ஹானேக்குள் நுழையும்போதுதான் இந்த டூர் சறுக்குகிறது.

மெய்ஹானே மேஜை நிதானமாக நடக்கும் விஷயம். உட்கார்ந்ததும் பரிமாறுபவர் பெரிய தட்டில் பத்துப் பதினைந்து குளிர் மெஸேக்களை அடுக்கிக் கொண்டு வந்து நீட்டுவார். மெனு அட்டையைவிட அந்தத் தட்டுதான் முக்கியம். இது, இது, அப்புறம் இது என்று விரலைக் காட்டினால் போதும். வெள்ளைச் சீஸும் கிர்ணிப்பழத் துண்டும் கிட்டத்தட்ட எல்லா மேஜையிலும் முதலில் வரும். கெட்டித் தயிரில் பூண்டு சேர்த்த ஹைதரி, பொடியாக நறுக்கிய தக்காளி மிளகாய்க் கலவையான எஸ்மே, மசித்த ஃபாவா பயறு, உப்பில் ஊறிய சூரை மீனான லகெர்தா, கொண்டைக்கடலையும் எள் விழுதும் வெங்காயமும் சேர்ந்த அர்மீனிய தோபிக். இவையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் ஓடும். பிறகு சூடான தட்டுகள்: பொரித்த ஈரல், கணவாய், மண்சட்டியில் இறால். மீன் அதற்கும் பிறகு. கடைசியில் பழமும் காபியும். ஒழுங்காக உட்கார்ந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

ரக்கியும் அந்த வேகத்துக்காகவே உண்டானது. 45 சதவீத ஆல்கஹால். குறுகிய உயரமான கண்ணாடி டம்ளரில் முதலில் ரக்கி, அதன்மேல் தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். ரக்கியில் நேராக ஐஸ் போட்டால் சோம்பு எண்ணெய் படிகம் படிகமாகப் பிரியும் என்று பழைய குடிகாரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தண்ணீர் பட்டதும் பால் போல வெளுக்கும். சிங்கத்தின் பால் என்று செல்லப் பெயர் அதனால்தான். ஒரு மடக்கு, ஒரு வாய் மெஸே, நாலு வார்த்தை பேச்சு. நடை டூரில் இதற்குக் கிடைப்பது நாற்பது, ஐம்பது நிமிடம். அதுவும் ஏற்கெனவே கோகோரெச்சும் மீன் ரொட்டியும் சிப்பியும் வயிற்றில் இருக்கும்போது. ஆளுக்கு ஒரு டம்ளர், மேஜைக்கு நாலு மெஸே, அப்புறம் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும். மெய்ஹானேயைப் பார்த்தோம் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அங்கே இருந்தோம் என்று சொல்ல முடியாது. நூறு டாலர் கொடுத்துவிட்டு இந்த ஊரின் மிகச் சிறந்த ஒரு விஷயத்தை அவசரத்தில் தவறவிடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் நல்ல கைடு தரக்கூடிய ஒன்று மெய்ஹானேயில் உண்டு. அதன் கதை. ஒட்டோமான் காலத்தில் இவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் கிரேக்கர்களும் அர்மீனியர்களும் யூதர்களும். இன்றைய மேஜையில் இருக்கும் பல தட்டுகள் அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை. 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் கும்பல்கள் பெயோலுவின் கிரேக்கக் கடைகளை அடித்து நொறுக்கின. 1964இல் கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சமையல்காரர்கள் போய்விட்டார்கள், சமையல் இங்கேயே தங்கிவிட்டது. இஸ்திக்லாலில் இருக்கும் சிச்செக் பஸாஜி என்ற அலங்கார வணிக வளாகம் 1876இல் கட்டப்பட்டது. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஓடிவந்த ரஷ்யப் பெண்கள் அங்கே பூ விற்றதால் பூச்சந்து என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1978இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, பத்து ஆண்டு கழித்துத்தான் திரும்பத் திறந்தார்கள். இவற்றைச் சொல்லத் தெரிந்த கைடு கிடைத்தால் டூருக்கு மதிப்பு கூடும். தட்டின் பெயரை மட்டும் சொல்லி அடுத்த கடைக்கு ஓட்டுகிற கைடுக்கு நூறு டாலர் அதிகம்.

பகல் டூர், இரண்டு கரை

இரண்டாவது வழி, காலையில் ஆரம்பிக்கும் உணவு நடை. பெரும்பாலும் ஐரோப்பியக் கரையின் எமினோனுவிலோ கராக்கோயிலோ காலை உணவோடு தொடங்கி, படகில் ஏறி ஆசியக் கரையில் உள்ள கடிக்கோய்க்குப் போய், மதியத்துக்கு மேல் முடியும். ஐந்து, ஆறு மணி நேரம். மாலை டூரைவிடக் கொஞ்சம் விலை கூட இருக்கலாம். என் கணக்கில் இதுதான் காசுக்குத் தகுந்த டூர்.

காரணம் கடிக்கோய்ச் சந்தை. ஐரோப்பியக் கரையில் உள்ள மசாலாச் சந்தை அழகான பழைய கட்டடம், ஆனால் கடைகள் பெரும்பாலும் பயணிகளைப் பார்த்தே நடக்கின்றன. கடிக்கோயில் வீட்டுக்கு மளிகையும் மீனும் வாங்குகிறவர்கள்தான் கூட்டம். மீன் கடைக்காரர் சிவப்புச் சாயம் பூசிய வட்டத் தட்டில் மீனை அடுக்கும்போது செவுளை வெளியே இழுத்துப் பூப்போல விரித்து வைப்பார். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு, வெளுத்திருந்தால் நகர்ந்துவிடலாம். பக்கத்திலேயே ஊறுகாய்க் கடை. பீட்ரூட் சிவப்பில் ஊறுகாய்த் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறார்கள். ஆலிவ் பீப்பாய்கள், தேனடை, எருமைப்பால் ஏடான கைமக். கைடு இல்லாவிட்டால் இங்கே எதைச் சுவைப்பது, எதைக் கேட்பது என்று தெரியாது. சந்தைக்காரர்களிடம் துருக்கி மொழி மட்டுமே செல்லுபடியாகும். ஒரு வாய் சுவைத்துப் பார்க்க விடுகிறார்களா என்று கேட்கக்கூட வாய் வராது. கைடு தினமும் அந்தச் சந்தில் நடப்பவர் என்றால் கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் ஏதாவது எடுத்து நீட்டுவார்கள்.

அதே சந்தில் 1987இலிருந்து இருக்கிறது ச்சியா என்ற உணவகம். முசா தாதெவிரென் என்ற சமையல்காரர் அனடோலியாவின் ஊர் ஊராகப் போய், மறந்துபோகும் சமையல் குறிப்புகளைச் சேகரித்து அங்கே சமைக்கிறார். காட்டுக்கீரை, புளிப்புப் பழம் போட்ட கறி, வேறெங்கும் கிடைக்காத சூப்புகள். கைடு இல்லாமலும் போகலாம். பெரிய சட்டிகளைப் பார்த்துக் கை காட்டினால் போதும்.

பகல் டூரில் மெய்ஹானே இருக்காது. அது குறை இல்லை என்பது என் வாதம். தெருச் சாப்பாட்டையும் சந்தையையும் கைடிடம் கற்றுக்கொண்ட பிறகு, மாலையில் நீங்கள் தனியாக மெய்ஹானே மேஜையில் உட்காரும்போது லகெர்தா எது, தோபிக் எது என்று தெரியும். நல்ல கைடு தன் பேட்டையில் எந்த மெய்ஹானேக்குப் போகலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

கடிக்கோய்க்கு எடை கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 கோடையில் நகராட்சி பெயோலுவின் அஸ்மலிமெஸ்ஜித் பகுதியில் தெருவில் போட்டிருந்த மேஜை நாற்காலிகளை அகற்றியது. வெளியே உட்கார்ந்து குடிப்பதுதான் அந்தத் தெருக்களின் உயிர். அதோடு பல கடைகளுக்கு வரும்படி போயிற்று, கூட்டமும் மெல்ல நகர்ந்தது. பெயோலு இன்றும் செத்துப்போகவில்லை. ஆனால் நெவிஸாதேயில் வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் ஆட்களைத் தாண்டி நல்ல மேஜை கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கடிக்கோய்ச் சந்தை ஓரத்து மெய்ஹானேக்களில் அந்தத் தொல்லை குறைவு.

கைடே இல்லாமல்

மூன்றாவது வழி முழுக்க நாமே. செலவில் இதற்கு ஈடில்லை. இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டை ஒன்று போதும், படகு, டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும். எமினோனுவிலிருந்தோ கராக்கோயிலிருந்தோ கடிக்கோய்க்குப் படகு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். படகில் சின்னக் கண்ணாடி டம்ளரில் தேநீர் விற்பார்கள். கரையில் ஒரு சிமித் வாங்கிக்கொண்டு ஏறினால் காலை உணவு முடிந்தது. சிமித் திராட்சைப் பாகுத் தண்ணீரில் முக்கி எள்ளில் புரட்டிச் சுட்ட வளையம். சூடாக இருக்கும்போது வாங்க வேண்டும், மதியத்துக்கு மேல் காய்ந்துவிடும்.

லிராக் கணக்கில் விலை எதையும் நான் எழுதப் போவதில்லை. 2022 அக்டோபரில் துருக்கியின் ஆண்டுப் பணவீக்கம் அரசாங்கக் கணக்கிலேயே 85 சதவீதத்தைத் தாண்டியது. அதன்பின் குறைந்தாலும் விலை நிற்கவில்லை. பழைய பயணக் குறிப்புகளில் படிக்கும் லிரா விலைகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். விகிதம் மட்டும் மாறாது. சிமித்தும் சிப்பியும் மலிவு, கோகோரெச் நடுத்தரம், மெய்ஹானே செலவு கூட, அதில் பெரும்பங்கு ரக்கி. வரி அவ்வளவு. டூர் ஒன்றில் இரண்டு பேர் கொடுக்கும் பணத்தில் இரண்டு நாள் தெருச் சாப்பாடும் ஒரு நல்ல மெய்ஹானே இரவும் முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

தனியாகப் போவதில் உள்ள சங்கடம் வயிறு. கைடு ஒரு தட்டைப் பத்துப் பேருக்குப் பங்கு போடுவார். இரண்டு பேர் தனியாகப் போனால் முழுத் தட்டு வாங்க வேண்டும். மூன்றாவது கடையில் வயிறு நிறைந்துவிடும், நான்காவது கடைதான் நல்ல கடையாக இருக்கும். நாலு பேர் சேர்ந்து போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. நாலு பேருள்ள குழு டூருக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெய்ஹானேக்குத் தனியாகப் போக மொழி தேவையில்லை என்று ஏற்கெனவே சொன்னேன், தட்டில் விரல் காட்டினால் போதும். ரக்கியை ஒற்றை, இரட்டை என்று டம்ளர் கணக்கிலும் வாங்கலாம், புட்டிக் கணக்கிலும் வாங்கலாம். இரண்டு பேருக்கு முப்பத்தைந்து சென்டிலிட்டர் புட்டி போதும், அதிகமும்கூட. ஒருவரே முடிவு செய்து தரும் நிலையான மெனு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. பாட்டு நடக்கும் இடங்களில் அது வழக்கம். கானூன், கிளாரினெட், வயலின், தர்புக்கா வாசிப்பவர்கள் மேஜை மேஜையாக வருவார்கள், மேஜைக்காரர்கள் சேர்ந்து பாடுவார்கள். பக்கத்து மேஜையில் இருக்கும் அறுபது வயதுக்காரர்கள் எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவதைப் பார்க்க வேண்டும். வாசிப்பவர்களுக்குக் காசு கொடுப்பது வழக்கம். சத்தம் பிடிக்காதவர்கள் பாட்டில்லாத மெய்ஹானே தேடுங்கள், அதில்தான் சாப்பாடும் பெரும்பாலும் மேல்.

தனிக் கைடு யாருக்கு?

உங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஒரு கைடு என்றால் செலவு குழு டூரைவிட நன்றாகவே கூடும். இரண்டு வகையினருக்கு அது தகும். வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள், மாட்டிறைச்சி அல்லது எந்த இறைச்சியும் சாப்பிடாதவர்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தெருச் சாப்பாடு டூரில் பாதி நிறுத்தம் உங்களுக்கு வீண். கோகோரெச், சிப்பி, மீன் ரொட்டி, தோனர், தக்சிமின் நனைந்த பர்கர் எதுவும் ஆகாது. கொண்டைக்கடலைச் சோறு சைவம் போலத் தெரியும், ஆனால் கோழி ரசத்தில் வெந்திருக்கும். பருப்பு சூப்பும் பல கடைகளில் இறைச்சி ரசத்தில்தான். உங்களுக்கு மிஞ்சுவது சிமித், சுட்ட சோளம், குளிர்காலத்தில் சுட்ட செஸ்ட்நட் கொட்டை, உருளைக்கிழங்கைப் பிளந்து வெண்ணெயும் சீஸும் பிசைந்த கும்பிர், இனிப்புகள். சீ கொஃப்தே என்பதும் உண்டு. ஒரு காலத்தில் பச்சை இறைச்சியில் பிசைந்தது. பச்சை இறைச்சியைக் கடையில் விற்கத் தடை வந்த பிறகு கடைகளில் கோதுமை ரவையும் மிளகாய் விழுதும் மாதுளைப் புளியும் சேர்த்துத்தான் பிசைகிறார்கள். காரம் கேட்பவர்களுக்குப் பிடிக்கும்.

மெய்ஹானேயில் நிலைமை தலைகீழ். குளிர் மெஸேக்களில் பெரும்பகுதி காய்கறி, பருப்பு, தயிர், சீஸ். சுட்ட கத்தரிக்காய், ஆலிவ் எண்ணெயில் வெந்த கூனைப்பூ, பட்டாணி வகைகள், கடற்கரைக் கீரை, திராட்சை இலையில் சுற்றிய சோறு. சூடான தட்டு, மீன் இரண்டையும் விட்டுவிட்டு மெஸேக்களை மட்டும் வரிசையாக வரவழைத்துக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆகவே சைவக்காரர்களுக்கு என் யோசனை: குழு டூரைத் தவிர்த்துவிட்டு மெய்ஹானேக்குப் போங்கள், குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர்கள் “தனா” என்றால் மாடு, “குஸு” என்றால் ஆடு, “தாவுக்” என்றால் கோழி என்ற மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் தெருவிலும் சமாளிக்கலாம். கோகோரெச் பொதுவாக ஆடுதான்.

மது தொடாதவர்கள், தொடும் இடத்துக்கே போக விரும்பாதவர்கள், மெய்ஹானே சேர்ந்த டூருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். பழைய நகரப் பகுதியான ஃபாதிஹில் ரோமானிய நீர்ப்பாலத்தின் அருகே மகளிர் சந்தை என்றொரு இடம் இருக்கிறது. தென்கிழக்கிலுள்ள சீர்த் ஊர்க்காரர்களின் கடைகள். குழியில் தொங்கவிட்டு வேகவைத்த ஆட்டுக்கறியான பூர்யான் அங்கேதான் சாப்பிட வேண்டும். மாவுக் கூட்டுக்குள் கோழியும் பாதாமும் சேர்ந்த சோற்றை அடைத்துச் சுட்ட பெர்தே பிலாவும் உண்டு. மது வாசனை கிடையாது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் 1876இல் தொடங்கிய வெஃபா போஸாக் கடை. போஸா என்பது புளிக்கவைத்த தானியத்தின் கெட்டியான இனிப்புப் புளிப்புப் பானம். எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலை வாங்கி அதன்மேல் தூவிக் கரண்டியால் சாப்பிடுவது வழக்கம். 1937இல் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாத்துர்க் குடித்த டம்ளரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். புளித்த பானம் என்பதால் இம்மியளவு ஆல்கஹால் அதில் உண்டு, கண்டிப்பானவர்கள் அறிந்து முடிவு செய்யட்டும்.

பணம் கட்டும் முன்

துருக்கியில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கென்று 2012இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் உள்ளவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். உரிமம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். குழுவில் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. எட்டுக்கு மேல் போனால் சின்னக் கடைகளுக்குள் நுழைய முடியாது, வாசலில் நின்று தட்டு கைமாறும். மெய்ஹானேயில் எவ்வளவு நேரம் உட்காருவோம், எத்தனை டம்ளர் சேர்த்தி என்று மாலை டூர்க்காரர்களிடம் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் நகர்ந்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு சுவைகள் என்று விளம்பரத்தில் இருந்தால் அதில் தேநீரையும் லோக்கும் என்ற துருக்கி இனிப்புத் துண்டையும் எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிய பெரிய வலைகளுக்குத் தடை. செப்டம்பர் 1 அன்று கடல் திறந்ததும் பலாமுத்து மீனும் பிறகு லுஃபர் மீனும் வரும், குளிரில் நெத்திலி. மெய்ஹானேயில் மீன் சாப்பிட இலையுதிர் காலம்தான் சரி. கரையோர மீன் ரொட்டியில் உள்ள கானாங்கெளுத்தி பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைந்து வருவது, அதற்குப் பருவம் இல்லை. ரமழானில் ஃபாதிஹ் போன்ற பகுதிகளில் பகல் கடைகள் அடங்கியிருக்கும், சில மெய்ஹானேக்கள் மாதம் முழுக்க மூடிவிடும். கடிக்கோயில் பெரிய வித்தியாசம் தெரியாது.

மாலை டூரை முழுதாக ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் பாதுகாப்பு. தக்சிம் பக்கம் தனியாக நடக்கும் ஆண்களிடம் நட்பாகப் பேச்சுக் கொடுத்து, வா, ஒரு பீர் குடிக்கலாம் என்று ஏதோ கிளப்புக்கு அழைத்துப் போய், பெரிய பில்லை நீட்டி மிரட்டுவது நீண்டகாலமாக நடக்கும் மோசடி. அழைப்பவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் போகாதீர்கள். கள்ள ரக்கியும் ஒரு கவலை. 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும் மெத்தனால் கலந்த கள்ள மது குடித்து இஸ்தான்புல்லில் பலர் இறந்தார்கள். பெயர் நிலைத்த மெய்ஹானேயில், மூடி உடைக்காத புட்டியை மேஜையில் திறக்கச் சொல்லிக் குடிப்பதுதான் சரி. தெருவில் மலிவாக விற்பதைத் தொடவே கூடாது. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள், ஒரே ஒரு இரவு மட்டும் ஊரில் தங்குபவர்கள், முன்பின் தெரியாத இடத்தில் மதுக்கூடத்துக்குள் நுழையத் தயங்குபவர்கள், இவர்களுக்கு மாலை டூர்தான் பொருத்தம். கூட ஆட்கள் இருப்பார்கள், கைடு டாக்ஸி ஏற்றிவிடுவார். மெய்ஹானே நேரம் குறைவு என்பதை அறிந்தே போங்கள்.

மூன்று இரவு தங்கும் தம்பதிக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. வந்த மறுநாள் பகல் டூர், கடிக்கோயில் முடிகிற மாதிரி. அன்று இரவு லேசாக ஒரு சூப்போடு படுக்கை, வயிறு வேறு எதுவும் கேட்காது. அடுத்த நாள் மாலை ஆறரைக்கே கடிக்கோய்ப் படகு. சந்தை ஓரத்து மெய்ஹானேயில் ஏழு மணிக்கு மேஜை, பத்து வரை அசையாதீர்கள். திரும்பும் படகின் கடைசி நேரத்தை ஏறும்போதே பார்த்து வையுங்கள். தவறினால் 2013இலிருந்து கடலுக்கடியில் ஓடும் மர்மரே ரயில் நள்ளிரவு வரை உண்டு. கராக்கோய்ப் பக்கம் தங்குபவர்கள் சிர்கெஜியில் இறங்கிப் பாலத்தைத் தாண்டினால் போதும். வெள்ளி, சனி இரவுகளில் நல்ல மெய்ஹானேயில் இடம் கிடைக்காது. ஹோட்டல் வரவேற்பில் இருப்பவரிடம் மதியமே சொன்னால் துருக்கி மொழியில் போன் போட்டு மேஜை பிடித்துத் தருவார். சுவர் ஓர மேஜை வேண்டும் என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் இருக்கும் மேஜைகளில் பரிமாறுபவர்கள் இடித்துக்கொண்டே போவார்கள்.